எழுவாய் இல்லாத வாக்கியம்

பாறசாலை,
5-9-1954

கர்த்தருக்குள் அன்பான தம்பி ராபின்சனுக்கு,

அக்கா சுகிர்தபாய் எழுதுவது. நானும் பிள்ளையும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் அத்தான் சுகமில்லை.

தந்தி அடித்தேன், நீ வரவில்லை. அதனால் எல்லாவற்றையும் எழுத்தில் சொல்கிறேன். போன மாதம் இருபதாம் தேதி உதியன்குளங்கரை முக்கில் ஜாதா நடந்தது. தமிழ் பேசுகிற தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று கேட்டு ஊர்வலமாகப் போன ஜாதா. அத்தானும் போனார். போலீஸ் வந்து லத்தியை வீசியது. எல்லாரும் சிதறி ஓடினார்கள். அத்தானின் முகத்தில் அடி விழுந்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். மற்றக் கண்ணுக்கும் ஓய்வு வேண்டுமாம். அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவருக்குக் கண்ணுக்கு ஓய்வு என்றால் என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும்.

நான் அழுது முடித்துவிட்டேன். இப்போது எனக்குக் கோபம்தான் இருக்கிறது. அதை வைத்து ஒரு காரியம் செய்யப் போகிறேன். மார்ச்சில் பிரைவேட்டாக இன்டர்மீடியட் எழுதுகிறேன். பாஸானால் மேல்வகுப்பு எடுக்கலாம் என்று தலைமையாசிரியை சொல்கிறார். மற்றத் தாள்களைச் சமாளிப்பேன். இங்கிலீஷ் தாளில் 'ஃபிகர்ஸ் ஆஃப் ஸ்பீச்' என்று ஒரு பகுதி இருக்கிறது, அது மட்டும் ஒன்றும் பிடிபடவில்லை. டியூட்டோரியலில் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறாயே, எனக்கும் எழுது. அதைவிட முதலில் நேரில் வா. இருபது மைல்தான்.

அன்புள்ள அக்கா,
சுகிர்தபாய்


திருவனந்தபுரம்,
14-9-1954

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இவ்விடம் நான் சுகம். உங்கள் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அத்தானுக்காக ஜெபிக்கிறேன். வேலை மாறியிருக்கிறது, லீவு கிடைப்பது கஷ்டம். பஸ்ஸும் ஒழுங்காக ஓடவில்லை என்கிறார்கள்.

பாடத்துக்கு வருகிறேன். 'சிமிலி' என்றால் ஒன்றை இன்னொன்று போல என்று சொல்வது. 'போல' என்ற சொல் வெளியே தெரிய வேண்டும். 'மெட்டஃபர்' என்றால் 'போல'வை எடுத்துவிட்டு, அதுவே இது என்று சொல்வது. 'பெர்சானிஃபிகேஷன்' உயிரில்லாததை ஆள் மாதிரி நடத்துவது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு உதாரணம் தனித்தாளில் வைத்திருக்கிறேன். பரீட்சையில் பெயரை மட்டும் எழுதினால் பாதி மார்க்குதான். அந்த அணியால் வாக்கியத்தில் என்ன மாறியது என்றும் எழுத வேண்டும்.

பிள்ளைக்கு என் முத்தங்கள்.

தங்கள் தம்பி,
ராபின்சன்


பாறசாலை,
26-9-1954

அன்பான தம்பிக்கு,

சுகம் விசாரிக்கிறேன். பஸ் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. காலையும் மாலையும் என் பள்ளிக்கூட வாசலைத் தாண்டித்தான் போகிறது.

சிமிலி உவமை, மெட்டஃபர் உருவகம். பதினாலு வருஷமாகத் தமிழ் சொல்லிக் கொடுக்கிற எனக்கு இது புதிதில்லை, பெயர்தான் புதிது. 'மெட்டோனிமி' என்று ஒன்று புத்தகத்தில் கிடக்கிறதே, அது நம் ஆகுபெயர்தானே? ஊர் சிரித்தது என்றால் ஊரிலுள்ளவர்கள் சிரித்தார்கள் என்பது போல. சரியா என்று எழுது. 'யூஃபெமிசம்' எனக்குப் பிடிபடவில்லை. அதையும் அதற்குப் பின்னால் வருகிறவற்றையும் எழுது.

அத்தான் வீட்டுக்குள் நடக்கும்போது இடது தோள் கதவுநிலையில் இடிக்கிறது. இடிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம் வருகிறது. அவர் சிரிக்கிறார். "கதவு என்னத்தச் செய்யும், விடு" என்கிறார். என்னால் விட முடியவில்லை. நெய்யாற்றின்கரை வக்கீல் பரமசிவனைப் பார்த்து மனு கொடுத்துவிட்டேன். விசாரணை வைப்பார்களாம்.

உன் வேலை எங்கே மாறியது என்று நீ எழுதவில்லை.

அக்கா


திருவனந்தபுரம்,
17-10-1954

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம் என நம்புகிறேன். மெட்டோனிமி ஆகுபெயர்தான், சரியாகப் பிடித்தீர்கள்.

யூஃபெமிசம் என்பது காதுக்குக் கடுமையானதை மென்மையாகச் சொல்வது. செத்தார் என்னாமல் இறைவனடி சேர்ந்தார் என்கிறோமே, அது. 'லிட்டோட்டீஸ்' எதிர்மறையால் சொல்லி அடக்கி வாசிப்பது. நல்லவன் என்பதற்கு, கெட்டவன் அல்ல என்பது. 'டிரான்ஸ்ஃபர்டு எபிதெட்' எனக்கு மிகவும் பிடித்தது. அடைமொழியை உரியவனிடமிருந்து எடுத்து வேறொன்றின் மேல் ஏற்றுவது. 'மெலங்கலி அவர்' என்று நான் அடிக்கடி எழுதுவேன். 'துயர்மிகு வேளை'. வேளைக்கு ஏது துயரம்? துயரம் மனிதனுடையது. ஆனால் அப்படி எழுதும்போது வாக்கியத்துக்கு ஓர் அழகு வருகிறது.

அக்கா, மனு விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். ஜாதாவில் போனவர்கள் மேல் கலக வழக்குப் போடுகிறார்கள். அத்தான் பெயர் எதிலும் வராமல் இருப்பதுதான் நல்லது. கொஞ்ச நாள் அமைதியாக இருங்கள்.

தம்பி,
ராபின்சன்


பாறசாலை,
21-11-1954

ராபின்சனுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம்.

எங்கள் மனுவுக்குப் பதிலாக மேலிடத்துக்கு ஓர் இங்கிலீஷ் அறிக்கை போயிருக்கிறது. அதன் நகலை வக்கீல் வாங்கித் தந்தார். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன். அத்தானைப் பற்றி அதில் இரண்டே வாக்கியம். தமிழாக்கி எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்து.

'அந்தத் துயர்மிகு வேளையில் நேர்ந்த குழப்பத்தில் ராஜையா என்பவர் நிலைதவறி விழ, அவரது கண்ணில் காயம் நேரிட்டது. காயம் அபாயகரமானது அல்ல.'

இதில் என்னென்ன அணி இருக்கிறது, சொல் தம்பி. 'நேரிட்டது' யூஃபெமிசமா? 'அபாயகரமானது அல்ல' லிட்டோட்டீஸா, பொய்யா? அணியால் வாக்கியத்தில் என்ன மாறியது என்றும் எழுத வேண்டும் என்றாயே, நானே எழுதுகிறேன். அடித்தவன் காணாமல் போனான். என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கரும்பலகையில் ஒரு வாக்கியம் எழுதி, எழுவாய் எங்கே, செய்தவன் யார் என்று கேட்பேன். இதில் அடித்தவன் எழுவாயாக எங்குமே இல்லை. விழுந்தவர் இருக்கிறார், வந்து உட்கார்ந்த காயம் இருக்கிறது, அவ்வளவுதான்.

'துயர்மிகு வேளை'க்கு இங்கிலீஷில் என்ன போட்டிருக்கிறது தெரியுமா? 'மெலங்கலி அவர்'. உன் அக்டோபர் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

நீ எங்கே வேலை பார்க்கிறாய்?

சுகிர்தபாய்


திருவனந்தபுரம்,
9-1-1955

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஏழு வாரம் பதில் எழுதவில்லை. கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன்.

ஆகஸ்டிலிருந்து நான் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் தற்காலிக மொழிபெயர்ப்பாளன். மலையாளத்தில் வருகிற அறிக்கைகளை இங்கிலீஷாக்குவது வேலை. உங்கள் மனு வந்த பிறகு உதியன்குளங்கரை அறிக்கையும் என் மேஜைக்கு வந்தது. அந்த ஊர் ஸ்டேஷன் ஏட்டு எழுதியது. ஒளிக்கத் தெரியாத மனிதர். 'எல்லாரும் ஓடியபோதும் ஓடாமல் நின்ற ராஜையாவைக் கான்ஸ்டபிள் ஒருவர் லத்தியால் முகத்தில் அடித்தார்' என்று அப்படியே எழுதியிருந்தார். மேலதிகாரி என்னிடம், "நல்ல இங்கிலீஷாயிட்டு வேணம், ஆரையும் குற்றம் பறயண்டா" என்றார். யாரையும் குற்றம் சொல்லக் கூடாதாம்.

பெயரைப் பார்த்தேன். ஊரையும் பார்த்தேன். அத்தான் என்று தெரிந்துதான் எழுதினேன்.

ஒன்று மட்டும் நம்புங்கள். 'ஓடாமல் நின்றார்' என்று போனால் அவரையும் கலகக்காரர் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள் என்று பயந்தேன். விழுந்தார் என்றால் வழியில் போன ஆள் என்று விட்டுவிடுவார்கள். அவரைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினேன். வேலை நிரந்தரமாகும் என்ற ஆசையும் இருந்தது. எது முதலில் வந்தது என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ராபின்சன்


பாறசாலை,
13-1-1955

ராபின்சனுக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ள எனக்கு வரவில்லை.

நான் ஓயாமல் உன்னைத் திட்டினேன். அவர், "அந்த ஏட்டு எழுதினத மறுபடியும் படி" என்றார். படித்தேன்.

"நான் விழல்ல, சுகிர்தம்" என்றார். "எல்லாரும் ஓடினப்போ நான் நின்னேன் ஆக்கும். எனக்கும் பயம் உண்டு. காலு நடுங்கிச்சு. எண்ணாலும் நின்னேன். அண்ணைக்கு நான் செய்தது அது ஒண்ணுதான். அதையும் அவன் எடுத்துப் போட்டானே!"

அடி வாங்கிய அன்றுகூட அவர் அழவில்லை. இதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. கேட்டுக்கொள். கண்ணை எடுத்தது போலீஸ்காரன். அவர் நின்றதை எடுத்தது நீ.

அவரைக் காப்பாற்ற என்று எழுதியிருக்கிறாய். யாரைக் கேட்டாய்? ஜாதாவில் போனது திருட்டா? தமிழ் வேண்டும் என்று கத்தினால் அதை மறைத்துக்கொண்டு வாழ வேண்டுமா? வழியில் போனவர், கால் தடுக்கி விழுந்தவர் என்று என் புருஷனைச் சிறியவராக்கிவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்கிறாய். இதுவும் ஒரு யூஃபெமிசம்தான், குறித்துக்கொள்.

எட்டாம் வகுப்பு தாண்டாத ஏட்டுக்கு வாக்கியத்தை உள்ளபடி எழுதத் தெரிந்திருக்கிறது. பி.ஏ. படித்த உனக்கு அதைக் கெடுக்கத் தெரிந்திருக்கிறது. உன் பாடத்தாள்களை அடுப்பில் போட எடுத்தேன். அத்தான் தடுத்துவிட்டார். "பரீட்சை ஒனக்காக்கும், அவனுக்கில்ல" என்றார்.

விசாரணை மார்ச் இரண்டாம் தேதி. அந்த மலையாள அறிக்கை எனக்கு வேண்டும்.

சுகிர்தபாய்


திருவனந்தபுரம்,
20-2-1955

அக்காவுக்கு,

நலமா என்று கேட்டால் கோபப்படுவீர்கள், கேட்கவில்லை.

ஏட்டின் அறிக்கையை ஒரு சொல் மாறாமல் என் கையால் பகர்த்தி எழுதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இது வெளியே போனது தெரிந்தால் என் வேலை அன்றோடு சரி. யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம் என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என்னால் முடிந்தது இவ்வளவுதான்.

பரீட்சைக்கு 'ஐரனி'யையும் படித்துவிடுங்கள், சொல்வதற்கு நேர் எதிரான பொருள் வருவது. கட்டாயம் வரும்.

ராபின்சன்


பாறசாலை,
4-3-1955

ராபின்சனுக்கு,

பிள்ளைக்குக் காய்ச்சல். மற்றவர்கள் இருக்கிறோம்.

நீ அனுப்பிய தாள் விசாரணையில் செல்லுபடியாகவில்லை. அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரை இல்லை, கையெழுத்தும் இல்லை, இது யார் எழுதியது என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. நீ சொல்லாதே என்று கேட்டிருந்தாய், அதற்காகத்தான். என் வாழ்க்கையில் இவ்வளவு வெட்கப்பட்டு நின்றதில்லை. அடித்தவனுக்காக வந்த ஆட்கள் எதிரே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்ததும் வக்கீல் சொன்னார்: "எழுதின ஆளு வந்து நிக்கணும் டீச்சரே. இல்லெங்கி இது வெறும் பேப்பராக்கும்."

ஏட்டை மலைப்பக்கம், வெள்ளறடைக்கும் அப்பால் மாற்றிவிட்டார்களாம். அவர் வர பயப்படுகிறார். மிச்சம் நீதான். ஏப்ரல் பதினாறாம் தேதி மறுபடி வைத்திருக்கிறார்கள், கடைசி வாய்ப்பு. உன் வேலை போகும். தெரிந்துதான் கேட்கிறேன். அச்சகத்தில் அத்தானுடைய வேலை போனபோது, எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று நீ ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை.

வருவாயா, மாட்டாயா என்று பதில் எழுதாதே. உன் எழுத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. வந்தால் பார்த்துக்கொள்கிறேன்.

சுகிர்தபாய்


பாறசாலை,
18-4-1955

தம்பி ராபின்சனுக்கு,

பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது. நீ சுகமாக ஊர் போய்ச் சேர்ந்தாயா?

நீ வந்தாய். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. "இந்த இங்கிலீஷ் என்னுடையது, தெரிந்தே மாற்றினேன்" என்றாய். அதிகாரி மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் அதையே சொன்னாய். அவ்வளவும் பார்த்தேன். பிறகு எங்கள் பக்கம் திரும்பாமல் படியிறங்கிப் போய்விட்டாய். அதனால் நீ பார்க்காததை எழுதுகிறேன்.

நீ போன பிறகு முக்கில் சாயாக்கடை வைத்திருக்கிற மோகனன் எழுந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. வேறு ஏதோ காரியமாக வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர். அவர் மலையாளி. இந்த ஜாதாவே வேண்டாம் என்று கடையில் எல்லாரோடும் சண்டை போடுகிறவர்.

"ஞான் கண்டதாணு சாரே" என்றார். "வீணதல்ல, அடிச்சதாணு. எனிக்கு இவருடெ ஜாதா இஷ்டமல்ல. பக்ஷே நுண பறயான் பற்றில்ல."

விழுந்ததில்லை, அடித்ததுதானாம், கண்ணால் பார்த்தாராம். ஜாதா பிடிக்காதாம், ஆனால் பொய் சொல்ல முடியாதாம்.

பிறகு என் முறை. நான் தமிழில்தான் சொன்னேன். டைப் அடிக்கிறவர் 'ராஜையாவுக்கு அடிபட்டது' என்று அடித்து வாசித்தார். "அப்படி இல்லை சார், போலீஸ்காரர் அடித்தார் என்று போடுங்கள்" என்றேன். இரண்டும் ஒன்றுதானே என்றார். ஒன்றில்லை என்றேன். எரிச்சலோடு தாளை உருவிப் போட்டுவிட்டு வேறு தாள் மாட்டினார். மாற்றி அடித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

கடைசியில் அத்தான். ஜாதாவில் போனீரா என்று கேட்டார்கள். வக்கீல் காலை மிதிக்கிறார், இவர் கவனித்தால்தானே? "போனேன்" என்றார். கோஷம் போட்டீரா என்று கேட்டார்கள். "போட்டேன். நல்லா சத்தமாட்டுப் போட்டேன். அதுக்கு எனக்க மேல கேஸ் உண்டெங்கி எடுத்துக்கிடுங்க. நான் விழுந்தேன்னு மட்டும் எழுதாதீங்க."

வீட்டுக்கு வரும் வழி முழுக்க உன்னைக் கேட்டுக்கொண்டே வந்தார். "ராபின்சன் சாயா குடிச்சானா, பஸ்ஸு கிட்டிச்சா" என்று. எனக்கு அதைக் கேட்கவும் கோபம்தான் வந்தது.

இங்கிலீஷ் தாள் நன்றாக எழுதியிருக்கிறேன். ஐரனி வந்தது.

அக்கா


திருவனந்தபுரம்,
12-8-1955

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நான் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள்.

ஏப்ரல் முடியுமுன்பே என்னை நீக்கிவிட்டார்கள். பழைய டியூட்டோரியலில் சேர்த்துக்கொண்டார்கள், கஷ்டம் ஒன்றுமில்லை. தீர்ப்பைப் பேப்பரில் பார்த்தேன். கான்ஸ்டபிள் அடித்தது உண்மை என்று எழுதிவிட்டு, அவரை வேறு ஸ்டேஷனுக்கு மாற்றியதோடு நிறுத்திக்கொண்டார்கள். உங்கள் கோபம் தணியாது என்று தெரியும். அத்தான் மேல் வழக்கு வராதது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

என்னை மன்னியுங்கள் என்று எழுத நினைத்தேன். எழுதினால் அதுவும் ஓர் அழகான வாக்கியம் ஆகிவிடும் என்று பயமாக இருக்கிறது. பரீட்சை என்ன ஆயிற்று?

தம்பி,
ராபின்சன்


பாறசாலை,
23-10-1955

அன்பான தம்பி ராபின்சனுக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம். உன் கடிதத்துக்கு இரண்டு மாதம் பதில் போடாமல் இருந்தேன். வேண்டுமென்றுதான்.

பரீட்சையில் பாஸ். அடுத்த ஜூனிலிருந்து மேல்வகுப்பு எனக்கு. அத்தானை அச்சகத்தில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சின்ன எழுத்து முடியாது. கல்யாணப் பத்திரிகையும் சபை நோட்டீசும் மட்டும் கோக்கிறார்.

ராஜ்யங்களைப் பிரிக்கிற கமிஷனின் அறிக்கை வந்ததைப் பார்த்திருப்பாய். விளவங்கோடு வரைக்கும் நாலு தாலுகா அந்தப் பக்கம். எங்கள் நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம், மலையாளத்தோடு. பஸ்ஸில் ஏறி நாலு நிறுத்தம் போனால் தமிழ்நாடு, நாங்கள் அதில் இல்லை. அத்தான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் முற்றத்தில் நின்றார். "ஒரு கண்ணு குடுத்தும் நாலு மைலு கிட்டல்லியே" என்றார். அப்புறம் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. எல்லார் மேலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்திருக்கிறேன். உன் பங்கு குறையவில்லை.

மன்னிப்புக் கேட்க பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். கேட்காதே. நான் தருகிற நிலையில் இல்லை. ஆனால் ஒரு வருஷமாகக் கடிதத்திலேயே உன்னைத் திட்டி எனக்கு அலுத்துவிட்டது. எழுதுகிறபோது பாதிக் கோபம் மையிலேயே போய்விடுகிறது. முகத்தைப் பார்த்துத் திட்ட வேண்டும். பிள்ளையும் மாமன் எப்படி இருப்பான் என்று கேட்கிறாள், மறந்துவிட்டாள்.

வருகிற சனிக்கிழமை நாலு மணி பஸ்ஸில் வா. மரச்சீனிக் கிழங்கு அவித்து மீன்கறி வைப்பேன். வந்ததும் ஒன்றும் பேசாதே, விளக்கம் சொல்லாதே. கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து வயிறு நிறையத் தின்று முடி. அதற்குப் பிறகு நான் ஆரம்பிக்கிறேன்.

அக்கா,
சுகிர்தபாய்